யோனா என்று கூப்பிட்டபோது வந்த பதில்

தேதியும் நேரமும் இல்லாத எந்தக் கதையையும் நான் நம்பியதில்லை. பேயைப் பார்த்தேன் என்று யாராவது வந்தால், என்றைக்கு, எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்று கேட்பேன். மூன்றாவது கேள்வியில் ஆள் சோர்ந்துபோவார். நீங்களும் அதையே கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பங்குனி மாதம், வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. சுள்ளென்ற வெயில். என்னோடு நான்கு பேர் இருந்தார்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பெயர்களைச் சேகரிக்கிறேன். மாதாகோவில் பதிவேடுகள், கல்லறைகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் பார்த்து, எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எங்கள் கரையில் முதலில் யாருக்கு வைத்தார்கள் என்று குறித்து வைப்பேன். தெரிந்த வீடுகளில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், பெயரின் பொருளையும் அதே பெயரில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றியும் எழுதித் தரச் சொல்லி, விருந்து அழைப்பு அட்டையின் பின்பக்கத்தில் அச்சடிப்பார்கள்.

எங்கள் தெருவில் கஸ்மீர் என்று ஒருவன், சங்கு குளிக்கிறவன். அவனுக்கும் அவன் மனைவி ஜெனோவாவுக்கும் ஒன்பது வருடம் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னார்கள். அப்படி நிற்பவரைப் பிள்ளையைப் பெற்றவர்கள் இங்கே கும்பாதிரி என்று அழைப்பார்கள், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பெயர் தேடும் வேலையும் என்னிடமே வந்தது.

நான் யோனா என்றேன்.

எனக்குத் தெரிந்து எங்கள் கரையில் யாரும் வைக்காத பெயர். ஏன் வைப்பதில்லை என்பதும் தெரியும். பைபிளில் யோனா தீர்க்கதரிசி ஏறிய கப்பலைத்தான் புயல் பிடித்தது, அவரைத் தூக்கிக் கடலில் போட்ட பிறகுதான் அடங்கியது. அந்தப் பெயரோடு வருகிறவனை யார் வள்ளத்தில் ஏற்றுவார்கள்? ஆனால் நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எபிரேயத்தில் யோனா என்றால் புறா. பெருவெள்ளத்தின்போது இலையைக் கொத்திவந்து, கரை இருக்கிறது என்று காட்டிய பறவை. தீர்க்கதரிசியும் மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்து உயிரோடு கரை சேர்ந்தவர்தான். வலைவீசிப் பிழைத்த பேதுருவின் தகப்பனார் பெயரும் யோனா. ‘கடலுக்குப் போனவன் திரும்பி வருவான் என்று சொல்லும் பெயர்’ என்று அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

“புறாவா? என் புறாக்குஞ்சு!” என்று ஜெனோவா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். கஸ்மீர்தான் தலையைச் சொறிந்தான்.

“பேரு நல்லாத்தான் இருக்கு, கும்பாதிரி. தொம்மையண்ணன்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்காரு.”

தொம்மை அவனுடைய வள்ளத்தின் தலைவர், எழுபதை நெருங்கியவர்.

“என்ன சொல்லுதாரு?”

“அந்தப் பேருல எங்க வள்ளத்துல ஏற்கனவே ஆளு இருக்குன்னாரு. யாருன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டக்காரு.”

எனக்கோ புதையல் கிடைத்த மாதிரி. நான் அறியாத ஒரு யோனா! மூன்று நாள் பதிவேடுகளைப் புரட்டி அவனைக் கண்டுபிடித்தேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்தான், இருபது வருடம் தள்ளிக் கல்யாணப் புத்தகத்திலும் இருந்தான். அடக்கப் புத்தகத்தில் இல்லை. தொம்மையிடமே கேட்டுவிடுவது என்று, ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் இருக்கையில் கஸ்மீரோடு வள்ளத்தில் ஏறினேன்.

“ரைட்டரே, வாந்தி வந்தா காத்துக்கு எதிர எடுக்காதிய. எங்க சட்டைக்கு நீங்களா சோப்பு போடுவிய?” என்றார் தொம்மை. எல்லோரும் சிரித்தார்கள். கஸ்மீரும் இன்னும் இருவரும் காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார்கள், சங்கோடு ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு வள்ளம் இல்லை. அதை அப்போதே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் குழாய்க்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரை நிறுத்தினார்கள். நங்கூரம் எடுக்கும் முன் தொம்மை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவரவர் தன் வாயால் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். தலையை எண்ணுவதில் பிழை வரலாம், பதில் சொல்வதில் வராது என்பது அவர்கள் கணக்கு. மூன்று பெயரையும் கூப்பிட்டார், மூன்று பேரும் சொன்னார்கள். அதன்பிறகு அவர் உடனே நங்கூரக் கயிற்றைத் தொடவில்லை. உதட்டை இறுக மூடி, ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிற நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த நாலாவது ஆள்தான் யோனாவா, அண்ணாச்சி?” என்றேன்.

அவர் தண்ணீரைக் காட்டிச் சொன்னார். “என் கூட்டாளி. கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம். இங்கன இறங்குனவன்தான். பொழுது சாயுற வரைக்கும் கூப்பிட்டோம், பதில் இல்ல. அன்னையிலருந்து அவன் பேரு வார எடத்துல வாயப் பொத்திக்கிடுவேன். கூப்பிட்டா பதில் வரணும், ரைட்டரே. வராம நங்கூரத்த எடுக்கப்படாது.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று தெரிகிறது. அன்று, அட்டைகள் அச்சாகி வீட்டில் இருந்தன, இந்தக் கிழவர் பயமுறுத்தி ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுக்கிறாரே என்ற எண்ணம்தான் இருந்தது. “ஞாயித்துக்கிழமை நம்ம பிள்ளைக்கு வைக்கப்போற பேரு. இதுல என்ன இருக்கு?” என்று எழுந்து, கடலைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, “யோனா!” என்று கூப்பிட்டேன்.

“இருக்கேன்.”

நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. ஆனால் ஐந்து பேரும் கேட்டோம். வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் மட்டத்தில் இருந்து வந்தது. ஓர் இளைஞனின் குரல். அவசரம் இல்லை, அழுகை இல்லை. வரிசையில் தன் முறை வந்ததும் சொல்கிற குரல். அங்கே தண்ணீர் அசையக்கூட இல்லை. கஸ்மீர் குனிந்து தேடினான், யாரும் இல்லை. என் கையிலிருந்த பேனா விழுந்ததைக் கரைக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

தொம்மை என் பக்கம் திரும்பினார். “யாத்தி, என்ன காரியம் செஞ்சிய! பதில் சொன்னவன எப்படி விட்டுட்டுப் போறது?”

அவரே நங்கூரத்தை இழுத்தார். பின்பலகையில் உட்கார்ந்தவர், சற்று நகர்ந்து பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார். கரை வரும்வரை நாங்கள் ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த இடத்தில் யாரும் காலைக்கூட நீட்டவில்லை.

இறங்கும்போது கஸ்மீர் என் கையைப் பிடித்துக்கொண்டான். “வேற பேரு வைங்க, கும்பாதிரி. நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அழுவா.”

சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை போனேன். ஜெனோவா அட்டைகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினாள், கடலுக்குப் போனவன் திரும்பி வருவான் என்ற வரிவரை. “இவிய கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் எனக்கு ஈரக்கொலை நடுங்கும் கும்பாதிரி, இப்ப இந்தப் பேரே துணைன்னு இருக்கு” என்றாள். தண்ணீரின் மேல் சத்தம் வெகுதூரம் வரும் என்று எங்கேயோ படித்ததை நினைத்துக்கொண்டேன். வேறு வள்ளம் இல்லை என்று நானே எழுதிய குறிப்பை நினைக்காமல் இருந்தேன். காப்பியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பங்குச்சாமியார் பெயர் கேட்டபோது ஜெனோவாதான் முதலில், சத்தமாகச் சொன்னாள். கஸ்மீர் என்னைப் பார்த்தான். நான் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளிலிருந்து தொம்மை நான்காவது பெயரையும் வாய்விட்டுக் கூப்பிடுகிறாராம். பதில் வருகிறதா என்று நான் கஸ்மீரிடம் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. ஆனால் கூப்பிட்டுப் பதில் வராமல் நங்கூரம் எடுக்காதவர் அவர். கடலில் இராத்தங்காமல் தினமும் நங்கூரம் எடுத்துக் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. நன்றாக ஓடுகிறான், வாயாடுகிறான். ஒன்றே ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டான். முகத்தைக் கிழக்கே, கடல் பக்கம் தூக்கிக் கொஞ்சம் பொறுப்பான், பிறகுதான் ‘என்ன’ என்பான். காதில் கோளாறோ என்று டாக்டரிடம் காட்டினார்கள், காது நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போன வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கஸ்மீர் கடலுக்குப் போயிருந்தான். பிள்ளை வாசலில் சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறை கொஞ்சம் அதட்டலாகவே, “ஏலே யோனா, கூப்பிடுதேன்லா, பதில் சொல்லமாட்டியா?” என்றேன்.

அவன் சிப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், சலித்துக்கொண்டு சொன்னான்.

“அதான் சொல்லியாச்சுல்லா.”

பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. கடலில் தொம்மை நான்காவது பெயரைக் கூப்பிடுகிற நேரம். நாள், கிழமை எல்லாம் போட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். என் காதில் மட்டும் எந்தப் பதிலும் விழவில்லை.