ஜஹீரா சொன்ன தப்பான பதில்

பம்மலில் தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஜஹீரா, 2003 கோடை முழுக்க, வாசலில் ஒரு சைக்கிள் நின்றாலே மெஷினை நிறுத்திவிடுவாள். தன்னிடம் வேலை பார்த்த சக்தியைக் கீழ்க்கட்டளையில் தன் அக்கா வீட்டில் ஒளித்துவைத்திருந்தாள். சக்தியின் புருஷன் மோகன்ராஜ் தேடிக்கொண்டிருந்தான். கையில் சிக்கினால் கொன்றுவிடுவான்.

சக்தியின் தாய் கன்னியம்மா, தெருத்தெருவாக மீன் விற்பவள், மகள் ஏற்கெனவே செத்துவிட்டதாக நினைத்தாள். ஒரு காலையில் ஜஹீராவின் பட்டறை வாசலில் கூடையை இறக்கி உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு உசுரோட கீதுன்னா எங்க கீதுன்னு சொல்லு. இல்லாங்காட்டி மருமவனோட ஸ்டேஷனுக்குப் போறேன்."

ஸ்டேஷனுக்குப் போனால் சக்தியை வரவழைத்து, புத்தி சொல்லி, புருஷனோடு அனுப்புவார்கள். இடத்தைச் சொன்னாலோ, மாமியார் வீட்டிலேயே வந்து தங்கிவிட்ட மோகன்ராஜ் கன்னியம்மாவை அடித்தே அதை வாங்கிவிடுவான்.

"இடத்தைக் கேக்காத கன்னியம்மா. அவளுக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளு. நாளைக்கு பதில் கொண்டாறேன்."

"இன்னாக்கா, டிவில வர்ற போட்டியா?" என்றாலும் கேட்டாள். "சின்னதுல ஒரு பூனைய ஒளிச்சு வெச்சிருந்தா. அதுக்கு இன்னா பேரு?"

சாயங்காலம் ஜஹீரா கீழ்க்கட்டளைக்கு ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். மறுநாள் பதில் சொன்னாள்: "கலெக்டர்."

மீன் வெட்டிய கை நின்றது. "எவளாச்சும் சொல்லிருப்பா," என்று கன்னியம்மா அடுத்ததைக் கேட்டாள். தினமும் அந்த நேரத்தில் மனதில் தோன்றியதைக் கேட்டாள். தினமும் சரியான பதில் வந்தது. ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்லலாம், எல்லாவற்றையும் முடியாது. மகள் காணாமல் போனதிலிருந்து சோறு இறங்காமலிருந்த கன்னியம்மா மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

ரகசியத்தைச் சொல்லாமலே அது தன்னிடம் இருப்பதை நிரூபிப்பதற்கு ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்று பெயர். கடவுச்சொல்லை வெளியே அனுப்பாமல் ஒரு கணினி தன்னை அடையாளம் காட்ட இதுவும் ஒரு வழி. கேள்வியைத் தானே தேர்ந்தெடுத்தவர் நம்புவார். பக்கத்தில் நின்றவருக்கு, இருவரும் பேசிவைத்து ஆடுவதாகத்தான் தோன்றும். பல வருஷம் கழித்து ஜஹீராவின் மகள் சோயா இதைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தபோது, அம்மா செய்தது இதைத்தான் என்று சொல்வதற்கு ஜஹீரா உயிரோடு இல்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் கன்னியம்மாவின் கூடைக்குப் பின்னால் மோகன்ராஜும் வந்தான். தினமும் நடக்கும் கேள்வி பதில் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"இன்னா, ரெண்டு பேரும் நாடகம் போடுறீங்களா? நானும் கேக்குறேன். கடைசியா அவள எதால அடிச்சேன்?"

சைக்கிள் செயின். அந்தக் காயங்களுக்கு மருந்து போட்டதே ஜஹீராதான். சரியாகச் சொன்னால் சக்தி மாட்டுவாள். தப்பாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கும் தாய் நம்பிக்கை இழப்பாள்.

"பெல்ட்டா?" என்றாள்.

அவன் சிரித்தான். "இதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. செயினு. வா அத்த, போலாம்."

கன்னியம்மா ஜஹீராவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போயிருப்பாளோ என்று ஜஹீரா நாள் முழுக்க வாசலுக்கு வந்து வந்து பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் வந்தாள், தனியாக. தலை குனிந்து செதில் சுரண்டினாள்.

"பெல்ட்டுன்னு வேணும்னேதான சொன்ன?"

ஜஹீரா மெஷினை நிறுத்தினாள்.

"சரி, வேற கேக்குறேன். செயின் பட்ட எடம் ஆறிடுச்சா?"

ஜஹீரா எழுந்து தெருவின் இரு முனையையும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து குந்தினாள்.

"முதுகுல ஆறிடுச்சு. தோள்ல மட்டும் இன்னும் கொஞ்சம் கீது."