புளியில் ஊறிய கத்திகள்

எங்கள் வீட்டில் பதினான்கு கத்திகள் இருந்தன. வெங்காயம் நறுக்க அவற்றில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது.

எல்லாம் சித்தப்பாவுடையவை. மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா, அம்மா, நான், தம்பி, சித்தப்பா என்று ஐந்து பேர். உடுப்பு மாட்ட ஆளுக்கு ஓர் ஆணி. சித்தப்பாவின் ஆணிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தப் பழைய மடக்குக் கத்திகளை வைத்திருந்தார்.

தாராவியில் ஒரு தோல் கிடங்கில் அவருக்கு வேலை. முதலாளி முஸ்லிம் என்பதால் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் சோர் பஜாரில் பழைய சாமான்களைத் தரையில் பரப்புவார்கள். விடியும்போதே கிளம்பிப் போய்விடுவார். பெரும்பாலும் வெறுங்கையோடு வருவார். எப்போதாவது ஒரு கத்தியோடு வருவார். அலகு மழுங்கியிருந்தாலும் கவலையில்லை. அவருக்குப் பிடிதான் முக்கியம். கலைமான் கொம்பு, எருமைக் கொம்பு, ஒட்டக எலும்பு, கருங்காலி, நெடுக விரிசல் விட்ட தந்தம் ஒன்று. பிடியைச் சட்டையில் பரபரவென்று தேய்த்து மூக்கில் வைப்பார். கொம்பு என்றால் மயிர் கருகிய வாடை வருமாம். கற்பூர வாடை வந்தால் அது சீப்பு செய்கிற செல்லுலாய்டு, போலி. நாளெல்லாம் தோல் நாற்றத்தில் நிற்கிற மனிதருக்கு இந்த மூக்கு எப்படித்தான் வேலை செய்கிறதோ என்று அம்மா ஆச்சரியப்படுவாள்.

ஒருமுறை சாராயம் தேடி வந்த போலீஸ்காரர் டின்னைத் திறந்துவிட்டு, இத்தனை கத்தி எதற்கு என்று இந்தியில் அதட்டினார். சித்தப்பா மான்கொம்புக் கத்தியைத் தேய்த்து அவர் மூக்கடியில் நீட்டினார். போலீஸ்காரர் தன்னையறியாமல் முகர்ந்துவிட்டார். பிறகு எதையும் கேட்காமல் போய்விட்டார். பைத்தியம் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

சித்தப்பா வேலைக்குப் போகும் வழியில் என்னை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் அவர் போகும் வழியில் இல்லை. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நான் ஓடிப்போகிற பிள்ளை, அதனால்தான் காவல் என்று நினைத்திருந்தேன். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டுமுறை தண்டவாளத்தோடு நடந்து சயான் வரை போயிருக்கிறேன்.

எங்கள் டீச்சர் செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆபீஸ் உத்தியோகக்காரர் வீட்டுப் பெண். மெலிந்த உருவம், பேச்சில் ஒரு வார்த்தைகூட எங்கள் பேச்சு மாதிரி இருக்காது. எங்கள் பென்சில்களை அவர்தான் பாதி பிளேடு ஒன்றால் சீவித் தருவார். ஒருநாள் பிளேடு விரலில் இறங்கிவிட்டது. கரும்பலகையெல்லாம் ரத்தம் என்று வீட்டில் வந்து கொஞ்சம் கூட்டியே சொன்னேன். சோற்றில் கை வைத்திருந்த சித்தப்பா, “எந்த வெரல்?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை அலைந்தார். மூன்றாவது வாரம் கொண்டுவந்ததுதான் பதினான்காவது கத்தி. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பிடி முத்துச்சிப்பி. வெயிலில் திருப்பினால் ரோஜா நிறம், பச்சை, நீலம் என்று மாறும். “இது மோந்து பாக்குததுக்கு இல்லட்டி, பாக்குததுக்கு” என்றார். மற்றக் கத்திகளோடு சேர்த்துச் சுற்றாமல் ஒரு தீப்பெட்டிக்குள் தனியாக வைத்தார். தினமும் வேலைவிட்டு வந்ததும் அலகைக் கல்லில் நாலு இழுப்பு இழுப்பார். மற்ற எந்தக் கத்திக்கும் அவர் கூர் வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் பூஜைக்கு வைக்க ஏதாவது ஆயுதம் இருந்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின். அடுத்த வீட்டில் கொத்தனார் கரண்டி, தூக்குக் குண்டு. எங்கள் அப்பாவுக்கு மில்லில் வேலை. மெஷினை வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. எங்கள் பலகையில் வருஷா வருஷம் அரிவாள்மனையும் என் சிலேட்டும்தான். கொத்தனார் மகள் எட்டிப்பார்த்து, “உங்க வீட்டு சாமி வந்து காயா நறுக்கப் போவுது?” என்று கேட்டுவிட்டாள்.

எனக்கு ஒன்பது வயது. பதினான்கு ஆயுதங்கள் டின்னுக்குள் தூங்க, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பதா? சித்தப்பா கிடங்குக்குப் போயிருந்தார். அம்மா தண்ணீர் வரிசையில் நின்றாள். பிடிகளின் முனைகளில் இருந்த பித்தளைப் பூண்கள் பச்சைபிடித்துக் கிடந்தன. பித்தளை என்றால் புளி; அது எனக்குத் தெரியும், குத்துவிளக்கு தேய்ப்பது என் வேலைதான். குண்டானில் புளியைக் கெட்டியாகக் கரைத்து அத்தனையையும் உள்ளே போட்டேன். தீப்பெட்டிக்குள் இருந்ததையும் போட்டேன். நன்றாக ஊறட்டும் என்று குண்டானை மூடி மூலையில் தள்ளிவிட்டு விளையாடப் போனேன். சாயங்காலம் அம்மா மறுபடி தண்ணீருக்குப் போனபின் வந்து சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பூண்கள் தங்கமாக ஜொலித்தன. வரிசையாகப் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப்பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

அம்மா குடத்தோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். “ஏட்டி! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க! கொழுந்தனாரு வந்தா என்ன பதில் சொல்லுதது?”

சித்தப்பா வந்தார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்தார். அலகுகள் கறுத்திருந்தன. எருமைக் கொம்பு ஊறிப்போய்ப் பூணை விட்டு எழும்பியிருந்தது. அதையெல்லாம் கீழே வைத்தார். கடைசியாக முத்துச்சிப்பிக் கத்தி. அதில் ரோஜாவும் இல்லை, பச்சையும் இல்லை. சாக்பீஸ் மாதிரி வெளுத்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தார். ஒரு நொடி அந்த நிறமெல்லாம் திரும்பி வந்தது. நான் மூச்சுவிட்டேன். எண்ணெய் காய்ந்ததும் மறுபடி சாக்பீஸ்.

“சின்னப்புள்ள, தெரியாம செஞ்சுட்டா” என்றாள் அம்மா.

“பொட்டெல்லாம் நேரா வச்சிருக்கா மதினி” என்றார் சித்தப்பா. சிரிக்கப் பார்த்தார். பிறகு கத்தியை என்னிடம் நீட்டினார். “இனி இதக் கொண்டு எப்பிடிக் குடுக்க? தூரப் போட்டுருட்டி.”

யாருக்கும் ஒரு கத்தியைக்கூடத் தொடக் கொடுக்காத மனிதர் இதை யாருக்குக் கொடுக்கப் பார்த்தார் என்று நான் யோசிக்கவில்லை. அடி விழவில்லை என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

தூரப் போடவும் மனம் வரவில்லை. கூர் அப்படியே இருந்தது. பள்ளி திறந்த அன்று பையில் எடுத்துப்போய், டீச்சர் பிளேடை எடுத்தபோது மேசைமேல் வைத்தேன்.

“இதால சீவுங்க டீச்சர். எங்க சித்தப்பா தூரப் போடச் சொன்னாவ.”

அவர் அலகை விரித்துப் பார்த்தார். “உன்னைக் கொண்டுவந்து விடறாரே, அவரா?”

“ஆமா டீச்சர்.”

“நல்லாத்தானே இருக்கு. ஏன் வேண்டாமாம்?”

“நாந்தான் புளியில போட்டுக் கெடுத்துட்டேன். உங்க வெரல் அறுந்துச்சின்னு சொன்னேம்லா, அதுக்கப்புறம் மூணு வாரம் அலைஞ்சு வாங்கினாவ. பளபளன்னு இருந்துச்சு டீச்சர்.”

டீச்சர் கத்தியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். வகுப்பு இரையத் தொடங்கியது. அதைக்கூட அதட்டவில்லை. பிறகு கைப்பையிலிருந்து ஓர் ஐந்து பைசாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடினார்.

“இதை உங்க சித்தப்பா கையில கொடுக்கணும். கத்தியை நான் சும்மா வாங்கிக்கலைன்னு சொல்லணும். மறக்கமாட்டியே?”

“மாட்டேன் டீச்சர்.”

மறக்கவில்லை. வெளியே வந்ததும் கணக்குப் போட்டேன். தூரப் போடச் சொன்ன கத்தி. தூரப் போடாமல் விற்றவள் நான். அப்படியானால் காசு யாருடையது? வாசலில் ஐஸ் கோலா வண்டி நின்றது. சீவிய ஐஸில் சிவப்புச் சாறு ஊற்றி வாங்கி, குச்சி வெளுக்கும்வரை உறிஞ்சினேன்.

சாயங்காலம் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், கத்தி வீணாகவில்லை, டீச்சரிடம் கொடுத்துவிட்டேன் என்று. சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றார்.

“என்னன்னு சொல்லிக் குடுத்த?”

“நீங்க தூரப் போடச் சொன்னியன்னு.”

“அவிய என்ன சொன்னாவ?”

காசைச் சொன்னால் கோலாவையும் சொல்ல வேண்டும். “ஒண்ணுஞ் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே சொல்லல சித்தப்பா.”

“நாக்கு ஏன் இப்பிடிச் செவந்து கெடக்கு?” என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்துவிட்டு என் தலையைத் தடவினார். வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டீச்சர் கேட்டார், காசைக் கொடுத்தாயா என்று. கொடுத்துவிட்டேன் என்றேன்.

“என்ன சொன்னார்?”

“ஒண்ணுஞ் சொல்லல டீச்சர்.”

அந்த வருஷம் முழுக்க அந்த வெளுத்த கத்தியால்தான் எங்கள் பென்சில்களைச் சீவினார். சீவும்போது சிலநேரம் வாசல்பக்கம் பார்ப்பார். பள்ளி மறுபடி திறந்தபோது செம்பூரில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாறிப் போயிருந்தார். சித்தப்பாவுக்கு மூன்று வருஷம் கழித்து ஊரிலிருந்து பெண் வந்தது. நல்ல சித்தி. எண்ணெய்த் துணியை அவளே மாற்றுவாள். டின்னில் கத்திகள் இருபதைத் தாண்டின. முத்துச்சிப்பி மட்டும் அவர் மறுபடி வாங்கவில்லை.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தினேன். ரோடு போடுகிற ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு எங்கெங்கோ போனேன். சோலாப்பூர்ப் பக்கம் ஒரு கூடாரத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது, கூடச் சமைத்த தெலுங்குக்காரிக்கு என் கத்தியைக் கொடுத்தேன். அவள் கையில் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். அந்த வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை என் கையில் திணித்தாள். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துவிடுமாம். அறுந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர்கள் ஒரு காசு கொடுப்பார்களாம்.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோலா தின்ற மறுநாள் காலை நினைவுக்கு வந்தது. சித்தப்பா என்னோடு தெருக்குழாய் வரைதான் வந்தார். அங்கே நின்று பையை என் தோளில் மாட்டிவிட்டு, “இனி நீயே போயிருவல்லா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் பள்ளிக்கூடப் பக்கம் வரவில்லை.

நான் பெரியவளாகிவிட்டேன், இனிமேல் எனக்குக் காவல் தேவையில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். பையை ஆட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஓடினேன்.