மூன்றாம் பம்பும் எரியாத டெஸ்டரும்

முப்பத்தொரு வயதில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தவளை வகுப்புப் பிள்ளைகள் சுருளக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன் பத்து வருடம் உடன்பிறந்த அக்காவின் கடையில் எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றியவள். பேராசிரியர் பலகையில் வரையும் மோட்டார் சூடாவதில்லை, புகைவதில்லை, நாறுவதுமில்லை. எல்லா மோட்டாரும் அப்படி இருந்திருந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் வருடம் சம்பளத்தோடு ஆறு மாத வேலைப்பயிற்சி. தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் போட்டார்கள். அங்கே அவளுக்கு மேலதிகாரியாக வாய்த்த இன்ஜினியரின் சட்டை மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. பையில் இரண்டு பேனா, நடுவில் பளபளவென்று ஒரு டெஸ்டர். அன்றன்று செய்த வேலையை அவள் ஒரு நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் அதில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆறு மாதமும் செல்லும். இல்லாவிட்டால் இன்னொரு இடத்தில் மறுபடி முதலிலிருந்து. பட்டமும் அரை வருடம் தள்ளிப்போகும்.

ஐந்தாம் மாதம் மூன்றாம் பம்ப் நின்றுபோனது. இன்ஜினியர் அபூர்வமாகத் தானே இறங்கி வந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து அணைத்தார். டெஸ்டரை உருவி, பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கரண்ட் வரும் மூன்று முனைகளிலும் திலகம் வைப்பதுபோல் வைத்தார். எதிலும் டெஸ்டரின் விளக்கு எரியவில்லை.

"கரண்ட் இல்ல. கழட்டுங்க."

ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரோடு குனிந்தார்.

"அண்ணே, கைய வெளிய எடுங்க" என்றாள் அவள். "சார், அந்த டெஸ்டரக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"அதுக்கு உயிர் இருக்கான்னு பாக்கணும்."

"நான் பாத்தாச்சே!"

"நீங்க பெட்டியத்தான் பாத்தீங்க. டெஸ்டர யாரு பாத்தா?"

சுவரோரம் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் அவருடைய டெஸ்டரைச் செருகினாள். எரியவில்லை. அதே துளையில் தன் டெஸ்டரைச் செருகினாள். பளிச்சென்று எரிந்தது. அதைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். இரண்டு முனைகள் இருட்டு. மூன்றாவது எரிந்தது. சுவிட்சின் கைப்பிடி கீழே வந்திருந்தாலும் உள்ளே கரண்டைச் சேர்க்கும் மூன்று செம்புக் கத்திகளில் ஒன்று ஒட்டிக்கொண்டு விடவில்லை.

ஃபிட்டர் அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், அந்தப் பேனாவாவது எழுதுமா?" என்றாள் அவள்.

இன்ஜினியருக்கு அப்போதே அவசரமாக ஒரு ஃபோன் வந்துவிட்டது.

கடைசி வாரம் நோட்டைப் புரட்டிய இன்ஜினியர், மூன்றாம் பம்பைப் பற்றி அவள் எழுதியிருந்த பக்கத்தில் நின்றார்.

"இதக் கிழிச்சிட்டு வாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எந்த வரி சார் தப்பு?"

"தப்புன்னு யாரு சொன்னா? தேவையில்லைங்கறேன்."

"தேவையில்லாத அந்த வேலையாலதான் சார் அண்ணன் கையோட இருக்காரு."

அவர் கையெழுத்துப் போடவில்லை. 'மேலதிகாரிகளிடம் நம்பிக்கை குறைவு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பேனா எழுதத்தான் செய்தது.

பல்கலைக்கழக அலுவலகத்தில் பயிற்சிகளைக் கவனிக்கும் அம்மாள் நோட்டைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஒரு தாளுதானே? கிழிச்சுட்டா கையெழுத்து வந்துரும். இல்லன்னா இன்னொரு ஆறு மாசம்."

"சம்பளத்தோடவா?"

அந்த அம்மாள் விதிப்புத்தகத்தில் மேலும் கீழும் தேடினாள். "ஆமா... சம்பளத்தோடதான்."

"அப்ப தண்டனை எனக்கா, சம்பளம் குடுக்கறவங்களுக்கா?" என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அக்காதான் தலையில் அடித்துக்கொண்டாள். "அரை வருஷம் போச்சேடி! கம்பிய அந்த வளை வளைக்கற, நீ கொஞ்சம் வளைஞ்சா என்ன?"

"அதிகமா வளைச்சா ஒடிஞ்சிரும்னு நீதானே சொன்ன?"

அவள் இரண்டாவது பயிற்சிக்குச் சேர்ந்த வாரம் ஃபிட்டர் அண்ணன் ஃபோன் செய்தார். "சுவிட்ச மாத்திட்டாங்கம்மா."

"சார் எப்படி இருக்காரு?"

"மடிப்பு கலையல. பையில டெஸ்டர்தான் இல்ல. இப்ப மூணு பேனா."