சத்தம் கேட்ட வீடு

வேலையில்லாதவர்களைப் பற்றி ஆராய்ந்தே காலம் தள்ளியவன் நான். கூட்டங்களில் அந்த விஷயத்தில் கரைகண்டவன் என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். முதல் கணக்கெடுப்பிலேயே நான் கோட்டை விட்டது சொந்த அக்காவின் வீட்டை.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. நூல் தட்டுப்பாட்டில் தெருத்தெருவாகத் தறிகள் நின்றுபோயிருந்தன. எங்கள் பேராசிரியர் என்னையும் அழைத்துக்கொண்டு என் ஊரான ஆட்டையாம்பட்டிக்கு வந்தார். வேலையில்லாத வீடுகளை நாங்கள் எழுதிக் கொடுத்தால், அந்த வீடுகளுக்குச் சர்க்கார் நூல் கொடுக்கும் என்று ஏற்பாடு.

அந்தத் தறிக்காரத் தெருக்களிலேயே வளர்ந்தவன் என்ற மிதப்பு எனக்கு. "ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டாம் ஐயா. தறிச் சத்தம் கேட்டால் வேலை இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை" என்றேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் பூரித்துப்போனேன்.

அக்கா வீட்டில் சத்தம் கேட்டது. கயிற்றை இழுக்க இழுக்க, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இரண்டு பக்கமும் போய் மோதும் அதே சத்தம். அம்மா போன பிறகு அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் தூங்குவேன். அக்கா நெய்துதான் என்னைப் படிக்க வைத்தாள். உள்ளே போனால் சாப்பிடாமல் விடமாட்டாள், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய ஒரே பஸ்ஸும் போய்விடும். 'வேலை உண்டு' என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினேன்.

அடுத்த மாதம் போனபோது கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார்.

"சோலாப்பூர்ப் பக்கம் பொழைக்கப் போய்ட்டாங்க சாமி. இங்க நூலுக்கு எங்க போறது?"

"நான் வந்த அன்னிக்குத் தறி ஓடுச்சுங்களே?"

"அது வெறுந்தறி சாமி. பாவே இல்ல, நெய்ய ஒத்த இழை நூல் இல்ல. தம்பி பெரிய வாத்தியாரோட வாரான், அவரு முன்னால அக்கா ஊட்டையே வேலையத்த ஊடுன்னு அவன் கையால எழுத வேண்டாம்னு, சும்மா நாடாவ இழுத்துட்டு உக்காந்திருந்துச்சு. எழுதுனா நூல் வரும்னு அதுக்கும் தெரியும்."

சோலாப்பூருக்கு இரண்டு முறை போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், உள்ளே போய்த் தறியைப் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை. மாணவர்கள் அதை என் ஆராய்ச்சி முறை என்கிறார்கள். எனக்கு முறையும் வேண்டாம், பேரும் வேண்டாம். அக்காவைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை எனக்கு அவள் சோறு போட்டால் போதும், எத்தனை பஸ் போனாலும் எழுந்திருக்க மாட்டேன்.