முழங்காலுக்குப் போன பாட்டு

நான் அங்கன்வாடி டீச்சர். ஒரு பிள்ளை அழும், அதைப் பார்த்து அடுத்த பிள்ளை அழும், இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவது வாந்தி எடுக்கும். என் பகல் இப்படித்தான் போகிறது. சத்துமாவு உருண்டை தின்கிற பத்து நிமிஷம் மட்டும் அமைதி. அதனால் இத்தனை வருஷம் உழைத்த காதுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் ஒரு தப்பும் இல்லை. மிளகாய்க்கு மருந்தடிக்க என் வீட்டுக்காரர் புது ஸ்பிரேயர் வாங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நான் ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்றதும் வீடே கேட்டது. வீடு என்றால் இரண்டு ஆள்தான். ஒருவர் அவர். இன்னொருவர் அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி. எங்கள் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள்.

"போன்லதான் பாட்டு வருதே, பெறகென்ன?" என்றார் வீட்டுக்காரர்.

போனில் வருவது பாட்டு இல்லை, பாட்டின் தகவல் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எனக்கே அது போன நோன்புப் பெருநாளன்றுதான் தெரிந்தது. என்னோடு பயிற்சிக்கு வந்த டீச்சர் ஒருவருக்கு ஊர் புதுமடம். பெருநாள் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் வீட்டு ஹாலில் நாற்காலியே கிடையாது. சுவருக்குச் சுவர் கார்ப்பெட் விரித்து, எல்லோரும் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி, குட்டையான இரண்டு பலகைமேல் சின்னதாக இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார். பிரியாணி தின்ற மயக்கத்தில் இருந்தேன். ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடியது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட பாட்டுதான். சரணம் தொடங்குவதற்கு முன்னால் பாடுகிற அம்மா மூச்சு இழுத்தது கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் யாரோ அழப்போகிறார்கள் என்று நினைத்து.

"மேல உள்ள சின்ன வட்டம் காதுக்கு நேரா இருக்கணும் டீச்சர். அம்புட்டுதான் ரகசியம்" என்றார் அந்தத் தம்பி.

அன்றிலிருந்து பிள்ளைகள் தூங்கும் நேரமெல்லாம் போனில் ஸ்பீக்கர் விமர்சனங்கள் படித்தேன். பாதி புரியவில்லை. சத்தம் தேன் மாதிரி இருக்கிறது என்று ஒருவர், இருட்டாக இருக்கிறது என்று ஒருவர், அகலமாக இருக்கிறது என்று ஒருவர். சேலைக்குச் சொல்வதையெல்லாம் சத்தத்துக்குச் சொல்கிறார்களே என்றிருந்தது. ஒரே ஒருவர் மட்டும் உருப்படியாக எழுதியிருந்தார்: 'கொடுத்த காசுக்குத் தப்பில்லை. வீட்டில் திட்டவில்லை.'

பரமக்குடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பேஸைக் கூட்டினார். ரேக்கில் இருந்த மிக்சி ஜாரெல்லாம் கிடுகிடுத்தது.

"வீடே அதிரும்க்கா" என்றார் பெருமையாக.

"அதிராததா ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷர். உள்ளேபோய்த் தூசி படிந்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். விலையும் என் கைக்கு அடக்கம். பேஸைக் குறைக்கச் சொல்லி, என் போனில் இருந்த அதே பாட்டைப் போட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் குத்தவைத்துக் கேட்டேன். கடைக்கு வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். சரணத்துக்கு முன்னால் மூச்சு கேட்டது. தபலாவில் விரல் படுவதும் உள்ளங்கை படுவதும் தனித்தனியாகக் கேட்டது. வாங்கிவிட்டேன். ஏழு நாளில் திருப்பிக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், பெட்டி கிழியாமல் இருக்க வேண்டும்.

வாங்கியது என் சம்பளத்தில். வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்பதைத் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர். இது எந்த ஊர் நியாயம் என்று இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை. அவர் செய்த முதல் வேலை அட்டைப்பெட்டியைப் பத்திரமாக மடித்து பீரோவுக்குப் பின்னால் வைத்ததுதான். தெர்மகோலைக்கூடத் துடைத்து வைத்தார். நான் கேட்டது பெரிய சொத்து இல்லை. சாயங்காலம் அரைமணி நேரம், ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. யாரும் அழாத அரைமணி நேரம். அது இன்னும் ஏழு நாள் அவர் கையில் இருந்தது.

எங்கள் ஹால் நீளம், ஆனால் அகலம் இல்லை. ஒரு சுவரோரம் இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு, இன்னொன்று அவர் தம்பிக்கு. நான் தரையில் தூணில் சாய்ந்து உட்காருவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். எதிர்ச்சுவரோரம், புதுமடத்தில் பார்த்தபடியே, இரண்டு மணைப்பலகைமேல் ஸ்பீக்கரை வைத்தேன். தரையில் உட்கார்ந்து சாய்ந்தபோது சின்ன வட்டம் கிட்டத்தட்ட காதுக்கு நேராக வந்தது. பாட்டைப் போட்டேன். இடது பக்கம் வீணை, வலது பக்கம் தபலா, நடுவில் ஸ்பீக்கரே இல்லாத சுவரிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. அந்தச் சுவரில் எங்கள் கல்யாண போட்டோ மாட்டியிருக்கிறது. போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற நான்தான் பாடுகிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பரீட்சை ஆரம்பமானது. வீட்டுக்காரருக்கு நல்ல சத்தம் என்றால் தூரத்துக்குக் கேட்கிற சத்தம். கோயில் பொங்கலுக்குக் கட்டுகிற குழாய் ரேடியோ நாலு ஊருக்குக் கேட்கும், அதுதான் அவருடைய அளவுகோல். பாட்டைப் போடச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கண்மாய்க் கரைக்கு நடந்தார். கரையில் நின்று போன் போட்டார்.

"போட்டுட்டியா?"

"ஓடுது."

"இங்கன ஒண்ணுமே கேக்கலையே!"

"கண்மாய்க்கு எதுக்குங்க பாட்டு?"

போனை வைத்துவிட்டார். ஒரு பரீட்சையில் பெயில்.

அடுத்தது கொழுந்தனார். டிராக்டரில் அவர் மாட்டியிருக்கிற பாட்டுப்பெட்டி ஓடினால் உழுகிற சத்தம் கேட்காது, டிராக்டர் தானாகவே வரப்பில் ஏறுகிற மாதிரி இருக்கும். அவர் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டுவந்து ஸ்பீக்கர்மேல் வைத்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, தண்ணீரையே பார்த்தார். தண்ணீர் சிவனே என்று கிடந்தது.

"அசையவே இல்லையே மதினி. பேஸ் செத்துப்போச்சு."

பிறகு இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்கள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான், அதை மறுக்க மாட்டேன்.

"மந்தமா இருக்கு. போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"மதினி, நீங்களே இங்கன வந்து உக்காந்து கேட்டுப் பாருங்க" என்று எழுந்தார் கொழுந்தனார்.

அவர் எழுந்து கொடுத்த நாற்காலியில், அவர் முன்னாலேயே போய் உட்காருவதா? நான் அசையவில்லை. நல்லாத்தான் இருக்கு என்று தரையில் இருந்தபடியே முணுமுணுத்தேன்.

"ஞாயித்துக்கெழமை பரமக்குடிக்குப் போறேன். கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று மனதுக்குள் இரண்டு பேரையும் வைதேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று ரசத்தில் மட்டும் கொஞ்சம் உப்பு கூடிப்போனது.

சனிக்கிழமை எனக்கு லீவு. இரண்டு பேரும் மிளகாய் அள்ளக் களத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து பாடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று, பாட்டைப் போட்டு, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போர்வைக்குள்ளிருந்துதான் பாடியது.

என்னால் நம்பவே முடியவில்லை. மூச்சைக் காணோம். தபலா மொத்தையாக இருந்தது. தரைக்கு இறங்கினேன். மூச்சு வந்தது. நாற்காலிக்கு ஏறினேன், போய்விட்டது. இறங்கினேன், வந்தது. ஏழெட்டுத் தடவை இப்படி ஏறி இறங்கியிருப்பேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னக்கா, மொழங்காலுக்கு எக்சசைசா?" என்றாள்.

"ஆமாடி" என்றேன். ஒருவகையில் அதுதான் உண்மை. சின்ன வட்டத்திலிருந்து வருகிற நல்ல சத்தமெல்லாம் நாற்காலியில் இருக்கிறவர்களின் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவம், ஆறு நாளாக இரண்டு பேருடைய முழங்காலும் அருமையாகப் பாட்டுக் கேட்டிருக்கிறது. ரசனை கெட்டவர்கள் என்று நான் வைதது அநியாயம். தரையில் உட்காருகிற என் காதுக்குப் பார்த்து வைத்தது நான்தான். அந்த வீட்டில் வேறு உயரத்திலும் காது இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தால் தீர்ந்தது. ஆனால் தூக்கி வைத்தால் அவர்களுக்குக் கேட்கும், ஸ்பீக்கர் வீட்டில் தங்கும், பாட்டு என் தலைக்குமேலே போகும். தூக்காவிட்டால் நாளைக்குக் காலையில் பரமக்குடி பஸ்ஸில் போகும். யோசித்து யோசித்துத் தலை வலித்தது. கடைசியில் வீட்டுக்காரரைத் தரைக்கு இறக்குவது என்று முடிவு செய்தேன்.

அவர் தரையில் உட்காருவது சாப்பிட மட்டும்தான், அதுவும் அடுப்படியை ஒட்டி. அன்று நகரை மீன் குழம்பு வைத்தேன். ஹாலில், தூணுக்கு முன்னால், நான் உட்காருகிற அதே இடத்தில் தட்டை வைத்தேன்.

"அங்கன ஒரே புகையா இருக்கு, இங்கன உக்காருங்க" என்றேன். புகை இல்லை. கேஸ் அடுப்பில் என்ன புகை? பசியில் அவர் அதை யோசிக்கவில்லை.

பாட்டை மெதுவாகப் போட்டேன். நகரையில் முள் உண்டு, அதனால் தலையைக் குனிந்து, பேசாமல், கவனமாகத்தான் சாப்பிடுவார். பல்லவி போனது. அனுபல்லவி போனது. நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். பொதுத்தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. சரணம் வந்தது. வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"ஏய், இந்தா. அந்தப் பொம்பள மூச்சு விடுறா."

"ம்."

"நேத்து விடலையே?"

"நேத்தும் விட்டா. நீங்க சேர்ல இருந்தீங்க."

விளக்கிச் சொன்னேன். முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டார். மனுஷருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு மேட்டையும் பள்ளத்தையும் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா?

"அப்ப ஒசரத்துல தூக்கி வைக்க வேண்டியதுதானே. இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?"

"தூக்கி வச்சா எனக்குக் கேக்காது."

"ஏன்?"

"நான் தரையில உக்காருறேன்ல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீயும் சேர்ல உக்காரு. உன்னைய யாரு வேணாம்னா?"

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. உண்மைதான், யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உட்காரு என்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. குழம்பை ஊற்றினேன், தட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் ஊற்றினேன்.

சாயங்காலம் அவரே இரண்டு ஸ்டூலைத் தூக்கிவந்து ஸ்பீக்கரை உயர்த்தி வைத்தார். நாற்காலி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டு உட்காரப் போனார்.

"நடு எடம் எனக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு நாற்காலியை ஓரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவருக்குத் தபலாதான் அதிகம் கேட்டிருக்கும்.

மறுநாள், ஸ்பீக்கர் பரமக்குடிக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, நான் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வந்தார். அவரைக் கண்டதும் என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாசலில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். காலியாக நாற்காலி இல்லை. தூணடியில் தரையில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டார். பாதிப் பாட்டுவரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன மதினி, நல்லா இருக்குன்னு அண்ணன் சொன்னாரு. இங்கன ஒண்ணுமே வெளங்கலையே?"

"அங்கன உக்காந்தா அப்பிடித்தான் தம்பி இருக்கும்" என்றேன்.