ஒருவர் திரும்பிப் போகவேண்டும்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். நானும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுச் சிரித்தவன்தான். ஆனால் இது என் நண்பன் ராய்ஸ்டனுக்கு உண்மையிலேயே நடந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், போன வருஷம், பட்டப்பகலில் நடந்தது.

ராய்ஸ்டனுக்குப் பறவைப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற மேட்டில் ஒரு காட்டுக் கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆள் அரவம் கேட்டாலே ஓடி ஒளியும் பறவை அது. குஞ்சு பொரித்த கையோடு அவற்றைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். படம் எடுக்க அந்த ஒரு நாள்தான். கூட்டுக்கு எதிரே பச்சைத் துணியில் கூடாரம் போட்டு வைத்திருந்தான்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. கூடாரத்துக்குள் ஆள் போவதைப் பார்த்துவிட்டால் பறவை கூட்டுக்குத் திரும்பாது. ஆனால் அதற்கு எண்ணத் தெரியாது. இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பி நடந்தால், ஆள் போய்விட்டது என்று நம்பிவிடும். அப்படித் திரும்பிப் போகிற ஆள் தர்மா. பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டுகிறவன், ராய்ஸ்டனோடு ஒன்றாகப் படித்தவன். கூடாரத்தின் ஜிப்பை வெளியிலிருந்து இழுத்து மூடிவிட்டு, வேண்டுமென்றே செடிகளை உரசிக்கொண்டு இறங்கிப் போவான்.

அன்று விடிந்தும் தர்மா வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ராய்ஸ்டன் தர்மாவின் மனைவி சசிரேகாவைக் கூப்பிட்டான்.

"அப்பவே மோட்டார்ல கெளம்பிட்டாருண்ணே. ஒரே பனியா கெடக்கு, பயமா இருக்கு. வந்தோன்ன ஒரு போன் போடுங்கண்ணே."

"வந்துருவான்லா. நான் போடுறேன்."

தேடிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். ஆனால் நேற்றே முட்டைக்குள் கீச்சுச் சத்தம் கேட்டிருந்தது. இன்று விட்டால் போச்சு. ஆசை யாரை விட்டது? தனியாகவே மேடேறி, கூடாரத்துக்குள் நுழைந்தான். அவன் வந்த சத்தத்தில் தாய்ப்பறவை ஓடிவிட்டது. போனை அணைத்தான். துணி ஓட்டை வழியாக லென்ஸை நீட்டினான். பனி படர்ந்து லென்ஸ் மங்கியது. துடைத்தான். மறுபடியும் மங்கியது.

மணி ஏழு. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

ஸ்ஸ்ர்ர்ர்...

பாதி திறந்திருந்த ஜிப்பை யாரோ வெளியிலிருந்து இழுத்து மூடினார்கள்.

"தர்மாவா?"

 செடிகளை உரசிக்கொண்டு காலடிச் சத்தம் இறங்கிப் போனது. ராய்ஸ்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாமதமானாலும் வந்துவிட்டானே! சசிரேகாவுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தான்... பேச்சுக் குரல் கேட்டால் பறவை வராது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான்.

உடனே தாய் வந்தது. எப்போதும் நெடுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற பறவை, அன்று நேராக வந்து உட்கார்ந்தது. அதன் சிறகுக்கு அடியிலிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தான்.

ஒன்றுதான் சரியில்லை. கூடாரத்துக்குள் பெட்ரோல் வாடை... நேரம் ஆக ஆக அது கூடியது.

பன்னிரண்டரைக்குத் தாயும் குஞ்சுகளும் காட்டுக்குள் போயின. ராய்ஸ்டன் வெளியே வந்தான்.

ஈர மண்ணில் ஒரே ஒரு ஆளின் காலடித் தடம்.

அவனுடையது... உள்ளே போனது மட்டும்.

போனைத் திறந்து தர்மாவுக்கு அடித்தான்.

மணி அடித்தது.

காதில் மட்டும் அல்ல.

கீழே... பள்ளத்தில்... பனிக்குள்ளே.

மேட்டுக்கு ஏறும் பாதையின் வளைவுக்குக் கீழே, மோட்டார் சைக்கிளுக்கு அடியில் தர்மா கிடந்தான். மூச்சு இல்லை. கை இன்னும் சூடாக இருந்தது.

விடியுமுன்பே விழுந்திருக்கிறான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இடுப்புக்குக் கீழே நொறுங்கிவிட்டதால் ஓரடிகூட நகர்ந்திருக்க முடியாது. ஆனால் நண்பகல் வரை உயிர் இருந்திருக்கிறது. காலையிலேயே தூக்கி வந்திருந்தால்... 

சசிரேகா திட்டவில்லை, அழவும் இல்லை. "ஏண்ணே போன் போடல?" என்று மட்டும் கேட்டாள். 

பதினாறாம் நாள் காரியத்துக்கு யோகேஸ்வரி வந்திருந்தார். எதிர்ச் சரிவில் கொழுந்து வெட்டுகிறவர். ராய்ஸ்டனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சேந்துதானே தம்பி மேல போனீங்க? அப்புறம் அவரு மட்டும் எறங்கி வந்தாரு. அந்த வளைவுலயே நின்னாரு. பனி வெலகுறப்பல்லாம் பாத்தோம்... உங்க கூடாரத்தப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. சாப்பிடக் கூப்பிடுறாருன்னு நெனச்சோம்."

யோகேஸ்வரி குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டாரு தம்பி. நீங்க ஒரு தடவகூட எட்டிப் பாக்கலயே."