கடைசியில் இருக்கும் டிரைவ்

அன்றைக்கு லேப்டாப்பைச் சுற்றி இருந்தது நான், தங்கச்சி, முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டியாபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா. இல்லாதது அப்பா. கொத்தனார் வேலைக்குக் கொல்லம் போயிருந்தார். சனிக்கிழமைதான் வருவார்.

அவர் இல்லாததை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த லேப்டாப்பில் அவருக்கும் ஒரு டிரைவ் உண்டு. தக்கலையில் பழசாக அதை வாங்கும்போது கடைக்காரர், "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டாராம். அம்மா தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவர் டிஸ்க்கில் C-ஐ விண்டோஸுக்கு விட்டு, மீதியை ஒரே அளவில் மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். D எனக்கு, E தங்கச்சிக்கு, F அப்பாவுக்கு.

அப்பாவுடைய டிரைவில் இருந்தது அவர் கட்டின சுவரும் படிக்கட்டும் வளைவுமாக நிறையப் படங்கள். போன் நிறைந்துவிட்டதால் தங்கச்சி அவற்றை லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போனில் அழித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா அவற்றைத் திங்கள்சந்தையில் ஒரு வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். இதுவரை நாள்கூலி. அந்த வீடு அமைந்தால் முதல்முறையாக அவரே கான்ட்ராக்ட் எடுப்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நாகர்கோவிலில் ஒரு பயிற்சியில் சேர்ந்திருந்தேன்; அதற்கு விண்டோஸோடு லினக்ஸும் வேண்டும். C-ஐக் கொஞ்சம் சுருக்கி இடம் ஒதுக்கினேன். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி ஓடவிட்டால், அந்தக் காலி இடத்தைக் காட்டி, பயன்படுத்த முடியாது என்கிறது. இடம் இருக்கிறது, ஆனால் இல்லை. எனக்கு எரிச்சலைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

போனில் தேடிப் படித்தேன். இந்த மாதிரிப் பழைய டிஸ்க்கின் தொடக்கத்தில் சின்னதாக ஓர் அட்டவணை இருக்குமாம். எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்று எழுத அதில் நாலே வரி. எங்கள் டிஸ்க்கில் C, D, E, F என்று நாலும் நிரம்பிவிட்டது. ஐந்தாவதை எழுத வரி இல்லை. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால், அந்த வரியில் ஒரு பெரிய பிரிவைப் போட்டு, அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

"எனக்கதத் தொட்டா கொன்னுருவேன்" என்றாள் தங்கச்சி.

"உனக்கு வேணும்னா உனக்கதக் குடு மக்கா. அப்பாவுக்கதத் தொடாத" என்றாள் அம்மா.

நியாயம்தான். என் சாமான்களை எல்லாம் தங்கச்சியின் டிரைவுக்கு மாற்றினேன். "வாடகை தரணும், சொல்லிட்டேன்" என்றாள். மறுபடி லினக்ஸைத் திறந்தால் C, D என்ற பெயர்களே இல்லை. வெறும் எண்கள். ஒன்று என்பது C என்று அளவை வைத்தே தெரிந்தது. மற்ற மூன்றும் ஒரே அளவு. C-க்கு அடுத்தது D, அதனால் இரண்டுதான் என்னுடையது. அதைத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன்.

"ஒரு நிமிசம்ணே. அதுல என்ன எழுதியிருக்கு?"

எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் இடத்தில் மூன்றிலும் 'தெரியவில்லை' என்றுதான் இருந்தது.

"அதுக்கே தெரியல்லியாம். இவருக்குத் தெரிஞ்சுபோச்சு!"

அம்மா சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் தோன்றியது, ஏன் தெரியவில்லை? மறுபடி தேடினேன். விண்டோஸை நாம் அணைத்தாலும் அது முழுசாக அணைவதில்லை; அடுத்த தடவை சீக்கிரம் எழும்ப வேண்டுமென்று அரைத் தூக்கத்தில் கிடக்குமாம். அந்த நிலையில் இருக்கும் டிரைவ்களைக் கண்டால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸுக்குத் திரும்பிப் போய், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு முழுசாக அணைத்துவிட்டு வந்தேன்.

இப்போது கணக்கு தெரிந்தது. மூன்றாவது கிட்டத்தட்ட காலி. நாலாவது பிதுங்குகிறது, என் சாமானும் சேர்ந்து தங்கச்சியுடையது. இரண்டாவதில் ஒரு ஜிபிக்குப் பக்கம்.

இரண்டாவது அப்பா.

"அது எப்படி? அப்பா கடைசில்லா?"

தங்கச்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. கடைக்காரரு மூத்தவருன்னு அப்பாவத்தான் மொதல்ல போட்டாரு, D. அப்பாவுக்கு எழுத்து தெரியாதுல்லா? 'கடைசில வச்சா நானே கண்டுபிடிச்சிருவேன் மக்கா'ன்னாரு. நான் எழுத்த மாத்தி வச்சேன்."

எழுத்து வெளியே ஒட்டின பெயர்தான். உள்ளே டிஸ்க்கில் அப்பா இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஒரு பட்டனைத் தட்டியிருந்தால் திங்கள்சந்தைக்குக் காட்ட ஒரு செங்கல்கூட மிஞ்சியிருக்காது. எங்களிடம் வேறு நகலும் இல்லை.

மூன்றாவதை அழித்தேன். லினக்ஸ் ஏறியது. மீதியை எனக்குப் பிரிக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். "இப்ப எத்தன வேணும்னாலும் போடலாமா? அப்ப எனக்கும் ஒண்ணு போடு." போட்டேன்.

சனிக்கிழமை வந்த அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இப்பவும் கடைசிலதான கெடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா. இப்ப கடைசில அம்மா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, தன் படங்களுக்குத் தனியாக ஒன்று வாங்கிவிடலாம், காகிதத்திலும் போட்டுவிடலாம் என்றார். லினக்ஸுக்கு ஒரு பைசா செலவில்லை. புது பென்டிரைவுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கவரில் போட்டுக் கொண்டுபோன படங்களுக்கும் சேர்த்து ஆனது தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.